இடது கைத் திருநீறு

எல்லாரும் எப்படி இருக்கிறீர்கள்? இந்த மழைக்கு இருமல், முட்டுவலி ஒன்றும் இல்லையே? பால் விடாத கட்டன் காப்பி ஒரு டம்ளர் எடுத்துக்கொண்டு உட்காருங்கள். சாந்தன்பாறை ஆர்த்தி ஜெயித்த கதையைச் சொல்கிறேன்.

ஆர்த்தி அந்த மலையில் ஏலக்காய்த் தோட்டத்துத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தில் பிறந்தவள். இப்போது ஒரு பல்கலைக்கழக நூலகத்தில், அரிய பழம்பொருட்களைப் பாதுகாக்கும் பிரிவில் வேலை பார்க்கிறாள். ஓலைச்சுவடி, பழைய வரைபடம் என்று அங்கே இல்லாதது இல்லை. எதைத் தொட்டாலும் கையுறை போட்டுக்கொள்ள வேண்டும்.

அவள் பிறந்த தோட்டத்தைப் புதிதாக ஒரு கம்பெனி வாங்கி ரிசார்ட் கட்டத் தொடங்கியது. ஓடைக்கரை முனீஸ்வரன் கல்லைச் சுற்றி முள்வேலியும் போட்டது. "நேத்து நட்ட கல்லு" என்பது அவர்கள் பேச்சு. பழைய சாமிதான் என்று காட்டினால் பஞ்சாயத்து வழிவிடச் சொல்லும். இல்லாவிட்டால் வருசா வருசம் நடக்கும் மாசிக் கொடைத் திருவிழா அதோடு முடிந்தது. பூசாரி வேறு யாருமில்லை, ஆர்த்தியின் அப்பா சுருளிவேல். வேலி வந்த நாளிலிருந்து மனிதர் சவரம்கூடச் செய்துகொள்ளவில்லை.

அந்த நேரம் பார்த்து நூலகத்துக்கு ஒரு மரப்பெட்டி வந்தது. எப்போதோ சாந்தன்பாறைத் தோட்டத்தில் இருந்த வெள்ளைக்காரத் துரை ஒருவரின் பேரப்பிள்ளைகள் கொடுத்தது. உள்ளே, தாளில் சுற்றிய கண்ணாடித் தகடுகள். அந்தக் காலத்தில் கண்ணாடியில்தானே படம் பிடிப்பார்கள்! ஒரு தகட்டை ஆர்த்தி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். ஓடை. யானை படுத்தது போல ஒரு பாறை. பக்கத்தில் முனீஸ்வரன் கல், சுற்றிலும் சனம். சுற்றியிருந்த தாளில் 'சாந்தன்பாறை, 1931' என்று இருந்தது.

அரக்கப் பரக்க ஸ்கேன் செய்து, பெரிதாகப் பிரிண்ட் போட்டு, பிரிவுத் தலைவி ஷீனா மேடத்திடம் அனுமதி வாங்கி பஸ் ஏறினாள்.

பஞ்சாயத்துத் தலைவி சிசிலி ஓடைக்கரைக்கே வந்திருந்தார். கம்பெனி மேனேஜர் ஜோஜோ படத்தை வாங்கிப் பாறைக்கு நேராகப் பிடித்தார். வாய்விட்டுச் சிரித்தார்.

"படத்துல பாறை கல்லுக்கு இடது பக்கம். இங்க வலது பக்கம். ராத்திரியோட ராத்திரியா பாறை எந்திரிச்சு நடந்து போச்சா?"

லயத்து ஆட்களே சிலர் சிரித்துவிட்டார்கள். 'வேறு இடம்' என்று எழுதச் சிசிலி பேனாவைத் திறந்தார். சுருளிவேல் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

"விடு தாயி, போவோம்," என்று மகளின் கையைப் பிடித்து இழுத்தாள் மாரித்தாய்.

ஆர்த்தி நகரவில்லை. படத்தில் பூசாரி திருநீறு கொடுக்கிறார், இடது கையால். வாங்குகிறவளும் இடது கையைத்தான் நீட்டுகிறாள். பின்னால் நிற்கிறவளும் அப்படியே.

"யப்பா, யாராச்சும் இடது கையில திருநீறு கேட்டா என்ன செய்வீக?"

"தட்டி விடுவேன். இந்த நேரத்துல என்ன கேள்வி இது?"

"பின்ன, படத்துல ஊரே இடது கையில வாங்குதே!"

சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஷீனா மேடத்துக்கு வீடியோ கால் போட்டாள். அவர் தகட்டை எடுத்துப் பார்த்துவிட்டு அங்கிருந்தே கத்தினார்: "மருந்து பூசின பக்கத்தைப் பார்த்து வைக்கணும்னு எங்களுக்கெல்லாம் கிளாஸ் எடுப்பியே! நீயே புரட்டி வச்சு ஸ்கேன் பண்ணியிருக்க!"

கண்ணாடியாயிற்றே, எந்தப் பக்கம் வைத்தாலும் படம் தெரியும். என்ன, இடது வலதாகிவிடும். மேடம் சரியான பக்கத்தை வெளிச்சத்தில் காட்டினார். பூசாரியின் கை வலது கையானது. பாறை வலது பக்கம் வந்து உட்கார்ந்தது. உச்சியிலிருந்த வெடிப்புகூட அச்சு அசலாகப் பொருந்தியது.

"ஜோஜோ சார்," என்றாள் மாரித்தாய், "போன பாறை திரும்பி நடந்து வந்திருச்சு, பாத்தீகளா?"

இப்போது மலையே சிரித்தது. சிசிலி பேனாவை மூடினார். "வேலியைப் பிரிங்க."

அந்த மாசிக் கொடைக்குச் சுருளிவேல் பளபளவென்று சவரம் செய்துகொண்டு நின்றார். வரிசையில் ஜோஜோவும் வந்தார். ஒரு கையில் பொங்கல் இலை, கூச்சத்தோடு மறு கையை நீட்டினார்.

"சார்," என்றார் சுருளிவேல், "அந்தக் கை இல்ல, வலது கை!"

உங்கள் ஊர்ச் சாமியோ சர்ச்சோ இப்படி எந்தப் பழைய படத்திலாவது அகப்பட்டிருக்கிறதா? எங்கே, யார் கண்ணில் பட்டது என்று ஒன்று விடாமல் எனக்கு எழுதுங்கள்.