தர்பூசணி வண்டியில் போன ராய்ஸ்

ராய்ஸ் டிட்வெல் நெடுஞ்சாலை ஓரத்துப் பெட்ரோல் பங்க் ஒன்றின் கழிப்பறையில் செத்துக் கிடந்தான். காலையில் கழுவ வந்த பெண் வெகுநேரம் தட்டிப் பார்த்துவிட்டுச் சாவி போட்டுத் திறந்திருக்கிறாள். பலகை ஆலையில் மரக்கட்டு சரிந்து முதுகில் விழுந்தபோது டாக்டர் எழுதிக் கொடுத்த வலி மாத்திரையில் ஆரம்பித்தது எல்லாம். டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். அவனால் நிறுத்த முடியவில்லை. கண்டவனிடம் வாங்க ஆரம்பித்தான். அலபாமாவின் எங்கள் மூலையில் அந்தக் கோடையில் மட்டும் இப்படிப் போன பிள்ளைகளை எண்ண எனக்கு இரண்டு கை விரலும் போதாது.

அவன் அம்மா மாவிஸ் எனக்குப் பக்கத்து வீடு. இரண்டு வீட்டுக்கும் நடுவே, வாதுமை மாதிரிக் கொட்டை காய்க்கிற ஒரு பீகான் மரம் நிற்கிறது. கொட்டை யார் பக்கம் விழுகிறதோ அவருக்கு என்று பேச்சு. காற்று எப்போதும் அவள் பக்கமே அடிக்கும். நான் அதைச் சொல்லிச் சண்டை போடுவேன். அவள் நவம்பரில் அந்தக் கொட்டை போட்டு ஓர் இனிப்பு சுட்டுக் கொண்டுவந்து என் வாயை அடைப்பாள். புருஷன் போன பிறகு அவளுக்கு இருந்தது ராய்ஸ் ஒருவன்தான்.

எங்கள் ஊரில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் அந்த வீட்டில் அடுப்புப் பற்றவைக்க விடமாட்டார்கள். செய்தி போய்ச் சேர்வதற்குள் சாப்பாடு வந்துவிடும். கண்ணாடிப் பாத்திரங்களில் சுட்ட கோழிச் சோறு, பன்றித் தொடை, மசித்து நிரப்பிய முட்டை, வாழைப்பழப் புட்டிங். பாத்திரம் திரும்பிப் போக வேண்டும் என்பதற்காக அடியில் டேப் ஒட்டிப் பெயர் எழுதியிருக்கும். மாவிஸின் புருஷன் செத்தபோது வந்ததை வைக்க இடமில்லாமல் என் ஃப்ரிட்ஜும் நிரம்பி, மிச்சத்தை ஐஸ் பெட்டியில் போட்டுக் கொல்லையில் வைத்தோம்.

ராய்ஸ் செத்த அன்று நான் கோழிச் சோறு சுட்டு எடுத்துக்கொண்டு போனேன். மாவிஸ் ஃப்ரிட்ஜைத் திறந்து காட்டினாள். உள்ளே ஒன்றுமில்லை. பால், வெண்ணெய், ஊறுகாய் எல்லாவற்றையும் எடுத்து வெளியே வைத்துவிட்டு, தட்டுகளைக் கழட்டிக் கழுவித் துடைத்து மாட்டியிருந்தாள்.

"எடம் பத்தாதுன்னு காலி பண்ணிட்டேன் நடீன். உன்னோடத நடுவுல வை" என்றாள்.

என் பாத்திரம் நடுவில் இருந்தது. அன்று மாலை அவளுடைய ஒன்றுவிட்ட தங்கை ஒருத்தி கடையில் வாங்கிய இறைச்சிப் பொட்டலம் ஒன்றை வாசலில் வைத்துவிட்டு மணி அடிக்காமல் போய்விட்டாள். போதையில் செத்தவன் வீடு என்று மறுநாள் யாரும் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. மாவிஸ் கார் சத்தம் கேட்கும்போதெல்லாம் திரைச்சீலையை விலக்கிப் பார்ப்பாள். கார் போய்விடும். வாண்டா வருவாள் என்றுதான் அவள் காத்திருந்தாள். வாண்டாவும் அவளும் இள வயதிலிருந்தே சர்ச் பாட்டுக் குழுவில் தோளோடு தோள் நின்று பாடியவர்கள்.

"அவ கார் ரிப்பேரா இருக்கும்" என்றாள் ஒருமுறை.

"இருக்கும்" என்றேன். அன்று காலைதான் வாண்டாவின் காரைக் கடைத்தெருவில் பார்த்திருந்தேன்.

அடக்க ஆராதனைக்குச் சர்ச்சில் கால்வாசிகூட நிரம்பவில்லை. பாட்டுக் குழுவில் வாண்டாவின் இடம் காலி. எங்கள் போதகர் பிரதர் லமார் நல்லவர்தான், ஆனாலும் கண்ணாடிப் பாத்திரக் கடைக்குள் நடக்கிற மாதிரி ஜாக்கிரதையாகப் பேசினார். ராய்ஸ் சின்ன வயதில் ஞாயிறு பள்ளிக்கு ஒழுங்காக வந்தான், மீன் பிடிப்பதில் கெட்டிக்காரன் என்று சொல்லிவிட்டு நேரே பரலோகத்துக்குப் போய்விட்டார். நடுவில் இருந்த வருடங்களைத் தொடவேயில்லை. பெட்டி தூக்க ஆள் போதாமல், அடக்க ஏற்பாடு செய்யும் ஹாலிஸ் பீவி தன் வேலையாட்களையே தூக்கச் சொன்னார். மாவிஸ் அழவில்லை. கைப்பையை மடியில் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பீவியின் கறுப்புக் காரில் ஏற மாட்டேன் என்று சொல்லி என் பழைய ப்யூக் காரில் ஏறிக்கொண்டாள். முன்னால் சவ வண்டி, பின்னால் நாங்கள், எங்களுக்குப் பின்னால் பிரதர் லமாரும் இன்னும் சில கார்களும். கல்லறைத் தோட்டம் ஊருக்கு வெளியே, ஓடைக்கு அப்பால். ஜூலை மாத வெயில். தார் இளகி டயரோடு ஒட்டியது.

எதிரே வந்த கார்கள் ஒவ்வொன்றாக ஓரம்கட்டி நின்றன. எங்கள் பக்கத்தில் சவ ஊர்வலம் வந்தால் யாராக இருந்தாலும் நிறுத்துவார்கள். தொப்பியைக் கழற்றுவார்கள். கடைசி வண்டி கடந்த பிறகுதான் கிளம்புவார்கள்.

ஓடைப் பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் சவ வண்டியின் முன்பக்கத்திலிருந்து வெள்ளையாக ஆவி கிளம்பியது. வண்டி இரண்டு முறை இருமியது. நின்றுவிட்டது.

பீவி இறங்கி என்ஜின் மூடியைத் தூக்கினார், கையைச் சுட்டுக்கொண்டு உதறினார். வேர்வையில் அவருடைய வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. எங்கள் ஜன்னலுக்கு வந்து குனிந்து, எங்கள் ஊர் வழக்கப்படி மரியாதைக்கு 'மிஸ்' சேர்த்துப் பேசினார்.

"மிஸ் மாவிஸ், என்ன சொல்றதுன்னே தெரியல. முப்பது வருஷத் தொழில்ல இப்படி நடந்ததே இல்ல. இன்னொரு வண்டி வேற ஊருக்குப் போயிருக்கு. நீங்க ஏசி போட்டுட்டு உக்காருங்க."

"ராய்ஸுக்கு எங்கயும் நேரத்துக்குப் போய்ப் பழக்கமில்ல, ஹாலிஸ். நீ பதறாத" என்றாள் மாவிஸ்.

பீவிக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

அப்புறம்தான் அந்த வேடிக்கை ஆரம்பித்தது. எதிர்ப்பக்கத்தில் நின்ற கார்கள் கிளம்ப முடியவில்லை. ஊர்வலம் கடந்து போனால்தானே கிளம்பலாம்? சவ வண்டி அங்கேயே நிற்கிறது. செத்தவனின் அம்மா கண்ணெதிரே உட்கார்ந்திருக்கிறாள். முதலில் கிளம்புகிறவன் யார்? ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு எல்லோரும் நின்றார்கள். பின்னால் வந்தவர்களும் ஓரம்கட்டினார்கள். வரிசை பாலத்தைத் தாண்டிப் போனது. பின்கோடியில் வெளி மாநில எண் போட்ட கார் ஒன்று ஹார்ன் அடித்தது. உடனே எங்கிருந்தோ ஒரு குரல், "யோவ், உன்னைப் பெத்தவ இதெல்லாம் சொல்லிக் குடுக்கலியா?" என்றது. ஹார்ன் நின்றது.

மாவிஸ் அந்த வரிசையைப் பார்த்தாள். ஆலையில் ராய்ஸுக்கு மேஸ்திரியாக இருந்த வெண்டல், தபால்காரர், மருந்துக் கடைக்காரரின் மனைவி, தச்சு வேலை செய்யும் அண்ணன் தம்பி இருவர். சர்ச்சுக்கு வராத எல்லோரும் அங்கே வேர்த்து வழிந்துகொண்டு நின்றார்கள்.

"பாரேன் நடீன், எவ்வளவு கூட்டம்னு" என்றாள்.

அப்போதுதான் நேர் எதிரே நின்ற நீல நிறக் காரைப் பார்த்தோம். உள்ளே ஒரு பெண் ஸ்டியரிங்குக்குக் கீழே குனிந்து ஒளியப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒளிய முடியவில்லை. தலை முழுவதும் முடியைச் சுருட்டிவிடும் ரோஜா நிற உருளைகள். மேலே கட்டியிருந்த துணி அவிழ்ந்து தொங்கியது.

மாவிஸ் கதவைத் திறந்து இறங்கினாள். தார் இளகிய ரோட்டில் ஒரு செருப்பு ஒட்டிக்கொண்டது. அதை அப்படியே விட்டுவிட்டு நடந்தாள். நான் செருப்பைப் பிடுங்கிக்கொண்டு பின்னால் ஓடினேன்.

"வாண்டா" என்றாள் மாவிஸ்.

வாண்டா கண்ணாடியை இறக்கினாள். அவள் முகம் வெளுத்திருந்தது.

"தலையில என்னடி, கோழி முட்டை வச்சிருக்கியா?"

சொன்னவள் சிரிக்க ஆரம்பித்தாள். நான்கு நாளாக ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள், காரின் மேல் கையை ஊன்றிக்கொண்டு உடம்பு குலுங்கச் சிரித்தாள். தொற்றிக்கொண்டு எனக்கும் வந்தது. வரிசையில் நின்றவர்கள் திகைத்துப் பார்த்தார்கள்.

"சிரிக்காத மாவிஸ். தயவுசெஞ்சு சிரிக்காத" என்றாள் வாண்டா.

"அப்ப நீ ஏன் வரலன்னு சொல்லு. ஒரு தட்டு சோறு கொண்டு வரதுக்கு நேரமில்லையா உனக்கு?"

"செஞ்சேன். ரெண்டு தடவை செஞ்சேன். ரெண்டு தடவையும் கார்ல வச்சு உன் தெரு முனை வரைக்கும் வந்தேன். திரும்பிப் போய் நாங்களே தின்னுட்டோம்."

"ஏன்?"

வாண்டா என்னைப் பார்த்தாள். நான் நகரப் போனேன். மாவிஸ் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உன் பையன்தான் எங்க கோல்பிக்கு அந்தப் பழக்கத்தக் கத்துக்குடுத்தான். அது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்" என்றாள் வாண்டா. கோல்பி அவளுடைய பேரன். மகள் விட்டுவிட்டுப் போன பிள்ளையை அவள்தான் வளர்த்தாள்.

"தெரியும்" என்றாள் மாவிஸ். "அதுக்காக வரலியா?"

"அப்படின்னுதான் எல்லார்கிட்டயும் சொன்னேன்." வாண்டா உதட்டைக் கடித்துக்கொண்டாள். "அன்னைக்கு ராத்திரி கோல்பி அவன்கூட இருந்தான் மாவிஸ். அந்த பங்க்ல. ராய்ஸ் கீழ விழுந்ததப் பாத்திருக்கான். மூச்சு இருந்துச்சாம். போன் பண்ணினா போலீஸ் வரும்னு பயந்து, தானா பூட்டிக்கிற கதவைச் சாத்திட்டு ஓடி வந்துட்டான். மறுநாள் காலைல என்கிட்ட சொன்னான். நான் அவன வச்சுக்கிட்டு எந்த முகத்தோட உன் வீட்டுப் படி ஏறுவேன்?"

மாவிஸின் கை என் கையிலிருந்து நழுவியது. வெயில் மண்டையைப் பிளந்தது. வாண்டாவின் தலையிலிருந்து ஓர் உருளை கழன்று மடியில் விழுந்தது. அவள் அதை எடுக்கவில்லை.

"மூச்சு இருந்துச்சா" என்றாள் மாவிஸ். கேள்வியாகக் கேட்கவில்லை. திரும்பி, ஒரு காலில் செருப்போடும் மறு காலில் வெறும் காலுறையோடும் என் காருக்கு நடந்தாள்.

அதற்குள் வரிசையிலிருந்து ஒரு கறுப்பின மனிதர் இறங்கி வந்து பீவியிடம் பேசிக்கொண்டிருந்தார். எஸெல் கிரம், ஓடைக்கு அந்தப் பக்கம் தர்பூசணி பயிர் போடுகிறவர். அவருடைய நீளமான பிக்கப் வண்டி நிறையக் காய். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு மாவிஸ் பக்கம் வந்தார்.

"அம்மா, உங்களுக்குச் சம்மதம்னா என் வண்டில ஏத்திக்கலாம். பழைய வண்டிதான். ஆனா நிக்காது."

மாவிஸ் தலையசைத்தாள்.

தர்பூசணிகளைக் கைமாற்றிக் கைமாற்றிப் புல்லில் இறக்கினார்கள். அதுவரை எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்ற ஆண்களுக்கு ஒரு வேலை கிடைத்தது. வெண்டல் கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டு வந்தார். தபால்காரர் வந்தார். வெளி மாநிலக் காரிலிருந்துகூட ஓர் ஆள் வந்தான். சர்ச்சில் தூக்க ஆளில்லாத பெட்டிக்கு இங்கே பிடிக்க இடமில்லை. பாதி வழியில் வெண்டலின் கால் ஒரு காயை மிதித்து உடைத்து வழுக்கியது. பெட்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. எல்லோரும் ஒரே குரலில் "ஐயோ" என்றார்கள். வெண்டல் மண்டியிட்டு விழுந்தாலும் தோளைக் கொடுத்துப் பெட்டியைத் தாங்கிவிட்டார். எழுந்தபோது முட்டியெல்லாம் சிவப்புச் சாறு. அவர் அழுதுகொண்டிருந்தார்.

"அவன் முதுகுல சரிஞ்ச அந்த மரக்கட்ட நான்தான் அங்க அடுக்கச் சொன்னேன் மிஸ் மாவிஸ்" என்றார்.

மாவிஸ் அவரைப் பார்த்தாள். "பெட்டிய ஏத்து வெண்டல்" என்றாள்.

எஸெல் மெதுவாக ஓட்டினார். பின்னால் நாங்கள். கண்ணாடியில் பார்த்தேன். எதிர்ப்பக்கம் நின்ற கார்களில் பாதி திரும்பி எங்களோடு வந்தன. அதில் நீலக் காரும் இருந்தது.

வாண்டா தலை உருளைகளோடேயே குழிக்கருகில் வந்து கடைசியில் நின்றாள். பாட்டை ஆரம்பிக்க ஆளில்லாமல் பிரதர் லமார் தடுமாறியபோது அவள்தான் எடுத்தாள். இரண்டாவது அடியில் குரல் உடைந்து நின்றுபோயிற்று. மாவிஸ் சேர்ந்து பாடவில்லை. மற்றவர்கள் இழுத்து முடித்தார்கள்.

மண் போட்ட பிறகு எல்லோரும் வந்து மாவிஸின் கையைப் பிடித்தார்கள். வாண்டா தூரத்திலேயே நின்றாள். மாவிஸ்தான் அவளிடம் போனாள்.

"கோல்பிய நாளைக்கு என் வீட்டுக்கு அனுப்பு."

"எதுக்கு மாவிஸ்?"

"எதுக்குன்னு எனக்குத் தெரியல. அனுப்பு."

அவன் மறுநாள் வரவில்லை. அதற்கு அடுத்த நாள் வந்தான். பத்தொன்பது வயதுப் பையன், எலும்பும் தோலுமாக இருந்தான். முன்வாசலில் அவளுக்கு எதிரே உட்கார்ந்தான். நான் என் வீட்டுப் பக்கம் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். தண்ணீர் தொட்டியை விட்டு வெளியே ஓடியதைக் கவனிக்கவில்லை.

"அவன் எப்படி விழுந்தான்னு சொல்லு" என்றாள் மாவிஸ்.

அவன் சொன்னான். என்ன நிறச் சட்டை, தலை எந்தப் பக்கம், கண் திறந்திருந்ததா என்று அவள் ஒவ்வொன்றாகக் கேட்டாள். அவன் அழ ஆரம்பித்தபோது நிறுத்தவிடவில்லை. முழுவதும் சொல்லி முடித்த பிறகு எழுந்து உள்ளே போனாள். திரும்பி வரவேயில்லை. பையன் பொழுது சாயும்வரை அங்கே உட்கார்ந்திருந்துவிட்டுப் போனான்.

அந்த வாரமே வாண்டா அவனை எங்கள் மாநிலத்துப் பர்மிங்ஹாமில் ஒரு போதைச் சிகிச்சை இல்லத்தில் சேர்த்தாள். ஒருமுறை ஓடி வந்தான். மறுபடி கொண்டுபோய் விட்டாள். இன்னும் உயிரோடு இருக்கிறான். நிச்சயமாகச் சொல்ல முடிந்தது அவ்வளவுதான்.

ஒருநாள் பீன்ஸ் நார் உரித்துக்கொண்டிருந்தபோது மாவிஸிடம் கேட்டேன், அந்தப் பையனை மன்னித்துவிட்டாயா என்று.

"இல்ல" என்றாள். "அவன் பாட்டியையும் இல்ல. வெண்டலையும் இல்ல. ராய்ஸ இன்னும் மன்னிக்கல, மத்தவங்க வரிசைல நிக்கட்டும்."

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் மறுபடி பாட்டுக் குழுவில் நிற்கிறாள். வாண்டாவும் நிற்கிறாள். நடுவில் ஓர் ஆள் நிற்கிற அளவு இடைவெளி இருக்கிறது. பிரதர் லமார் அந்த இடத்தில் வேறு யாரையும் நிறுத்திப் பார்க்கவில்லை.