இருபுறம் நோக்கும் அரிவாள்

காலைமழையில் கரைமண்ணைக் கரைத்துச் செந்நிறம் பூண்ட கிள்ளான் ஆறு, பாலங்களின் கால்களைத் தழுவிக் கடல்நோக்கிக் கனத்து நகர, தொலைவில் துறைமுகப் பாரந்தூக்கிகள் நீரோரக் கொக்குகளெனக் கழுத்து நீட்டி நிற்க, மல்லிகைச் சரத்தின் மணமும் வறுத்த கடலையின் மணமும் ஈரக்காற்றில் கைகோத்து உலவிய பிற்பகல் அது. அத்தகைய வேளையில், கற்றோரே, ஆற்றங்கரைத் தெருவின் கோடியிலிருந்த பழைய பண்டகசாலை ஒன்றில் ஒரு குலத்தார் எல்லாரும் கூடி நின்றனர்.

அவர்கள் நடுவே ஒரு பெருந்தாள் விரிந்து கிடந்தது. எண்ணெய் தரும் செம்பனைக் குலையின் நாரை வேகவைத்து, இடித்து, கூழாக்கி, அக்குலத்துப் பங்காளி வீடுகள் எல்லாம் கூடிச் செய்த தாள். முன்னோர் தம் மாடுகளுக்கு இட்ட சூட்டுக்குறியை ஒவ்வொரு வீட்டாரும் மரக்கட்டையில் தாமே செதுக்கி அதில் ஒற்ற வேண்டும். குறி பதித்த வீட்டாரே நாளைய குலவிழா வரிசையில் நிற்பர். மீனும் ஏணியும் முக்கவர்க் கோலும் கரிய மையில் ஏற்கெனவே எழுந்து, நெடுநாள் உறங்கிய விலங்குகள் ஒருங்கே விழித்தாற்போல் பார்த்தன.

எஞ்சியவள் குமுதா. பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் பூக்கடை நடத்தி மறைந்த பாலனின் மகள். முன்னோர் காலத்தில் மூத்த வீட்டோடு நடந்த பாகப்பிரிவினைச் சண்டைக்குப்பின் அவள் வீட்டை எவரும் விழாவுக்கு அழைத்ததில்லை; இம்முறை அவளே கேட்டு வந்திருந்தாள். தம் குறி எப்படியிருக்கும் என்று சொல்ல அவள் வீட்டில் ஆளில்லை. தந்தையின் பெட்டியில் துருவேறிக் கிடந்த சூட்டுக்கோல் ஒன்றே சான்று. அதன் முகத்தில் இருந்த அரிவாளையும் அதன் மடியில் அமர்ந்த புள்ளியையும் பார்த்து வரைந்து, செதுக்கியிருந்தாள்.

"இடவலமாத் திருப்பித்தான செதுக்கின?" என்று கேட்டான் அச்சுப் பட்டறை நடத்தும் தனேஷ். "மறந்திருந்தா காலி லா!"

"திருப்பிட்டேன் அண்ணே, ரெண்டு தடவ செக் பண்ணிட்டேன்."

மை பூசிய கட்டையைக் கவிழ்த்து, தன் எடை முழுவதையும் உள்ளங்கைகளில் இறக்கி அழுத்தி, மெல்ல எடுத்தாள். நாரின் பொன்னிழைகளுக்கிடையே அரிவாள் கருநிலவாய் ஒளிர்ந்தது. தந்தை பார்க்கவில்லையே என்று அவள் நெஞ்சு விம்முமுன், மூத்த வீட்டு மருமகள் வீரம்மாவின் குரல் வெடித்தது.

"ஏம்மா, எங்க குறிய எதுக்குத் தூக்கிட்ட?"

அனைவரும் நோக்கினர். தாளின் தலைப்பகுதியில் வீரம்மா பதித்த அரிவாளும் இதுவும் ஒன்றே. இரண்டின் வாயும் வலப்புறம் நோக்கின.

"உங்க அரிவா இடப்பக்கம் பாக்கணும். பாகம் பிரிச்சப்ப எங்கள அவமானப்படுத்தத்தான உங்க ஆளுங்க திருப்பி வச்சாங்க? இப்ப அதுவும் பத்தலையா? நல்லா இருக்கு லா உங்க வேல!"

"திருடல ஆன்டி. எங்கிட்ட இருக்கறது இது ஒண்ணுதான்."

துணிப்பொதியை அவிழ்த்துச் சூட்டுக்கோலை நீட்டினாள். திருடிய வீடு என்ற பெயர் இன்று ஒட்டிவிட்டால் இனி எந்த விழாவும் அதைக் கழுவாது என்று அவளுக்குத் தெரியும்.

தனேஷ் கோலைக் கழுவித் துடைத்து, தாள் வார்க்கும் சட்டத்தில் எஞ்சிக் கிடந்த ஈரத்தாளைக் காட்டினான். "சுட வேணாம். சும்மா அமுக்கிப் பாரு."

அவள் அமுக்கி எடுத்தாள். ஈரக்கூழில் அரிவாள் இடப்புறம் நோக்கிக் கிடந்தது.

வீரம்மா கோலை வாங்கி அதன் முகத்தைத் தன்பால் திருப்பினாள். இரும்பின் அரிவாள் வலப்புறம் நோக்கியது. மறுபடி ஈரத்தாள்; மறுபடி இரும்பு.

"பாகம் பிரிச்சப்ப உங்க வீட்டுக்குக் குறி வெட்டுன பாத்திரம் போச்சு," என்றாள் குமுதா, இருளில் படிக்கட்டைக் காலால் தேடுபவள்போல். "எங்க வீட்டுக்கு மாடு வந்துச்சு. பாத்திரத்துல வெட்டுன ஆளு இந்த இரும்பப் பாத்து அப்படியே வெட்டியிருப்பான். மாட்டுமேல பதிஞ்சது மறுபக்கம். யாருமே திருப்பல ஆன்டி."

"அப்ப நாந்தான் கெடுத்தேன்," என்று தலையிலடித்துக்கொண்டான் தனேஷ். "இரும்பு ஏற்கெனவே திரும்பித்தான் இருக்கு. அத இன்னொரு தடவ திருப்பச் சொன்னேன் பாரு!"

வீரம்மா இரும்பை வருடினாள். "எத்தன பேரு சாவுக்குப் போகாம இருந்தோம்," என்றாள். பிறகு, கண்ணைத் துடைத்தபடியே, "பாகம் பிரிக்கறதுக்கு முன்ன சுட்ட ஒரு மாட்டப் போய்ப் பாத்திருந்தா முடிஞ்சிருக்கும்."

பெருந்தாளில் பதிந்ததை அழிக்க அவள் விடவில்லை. ஈரத்தாளை மின்விசிறியின்கீழ் உலர்த்தி, சாயுங்காலம் இருவரும் தாளுக்கு இருபுறமும் எதிரெதிரே நின்று ஆளுக்கொரு விளிம்பைப் பற்றி, வாயிலில் சாய்கதிருக்கு எதிரே தூக்கினர். இரும்பு அழுந்திய இடம் மெலிந்திருந்தமையால் அவ்வழியே ஒளி புகுந்து, அரிவாள் நெருப்பில் வார்த்ததுபோல் எரிந்தது.

"உனக்கு எந்தப் பக்கம் பாக்குது?"

"எங்க பக்கம். உங்களுக்கு, பெரியம்மா?"

அந்த விளிப்பில் வீரம்மாவின் பிடி ஒருகணம் தளர்ந்து, முன்னிலும் இறுகியது. "எங்க பக்கம்தான்டி."

மறுநாள் விழாவில் பெருந்தாள் சுவரேறியது. இச்சிறுதாளையோ சுவரில் சாத்தாமல், வாயிலின் நடுவே கயிற்றில் தொங்கவிட்டனர். உள்ளே நுழைவோர் ஒன்றையும் வெளியேறுவோர் மற்றொன்றையும் கண்டு, நின்று, சுற்றிவந்து, மீண்டும் நின்றனர். பகைக்கென்று தலைமுறைகள் காத்துவந்த அக்குறி, காற்று வீசுந்தோறும் மெல்லத் திரும்பி, இரு வீட்டாரையும் மாறிமாறி நோக்கிக்கொண்டிருந்தது.