ஜோடிக் கடிதம்

பேமாவின் தம்பி ஞிமா, தொலைந்துபோன யாக் எருமையைத் தேடி வடக்கு எல்லையைத் தாண்டிவிட்டான். பனியில் எல்லைக்கோடு யார் கண்ணுக்குத் தெரிகிறது? அந்தப் பக்கத்துச் சிப்பாய்களுக்குத் தெரிந்திருந்தது. பிடித்து அடைத்துவிட்டார்கள்.

பேமா வெளியுறவு அமைச்சகத்தில் அதிகாரி. அவனை விடச் சொல்லும் கடிதத்தை அன்றே அடித்து, செயலாளர் ரேக்மியின் மேசையில் வைத்தாள்.

"ஜோடி எங்கம்மா?" என்றார் அவர்.

அங்கே அதுதான் சட்டம். வடக்கு வல்லரசுக்கு ஒரு புகார் போனால், அதே நாளில் தெற்கு வல்லரசுக்கும் ஒன்று போக வேண்டும். ஒருவரை மட்டும் கேட்டால் அவர் முறைப்பார், மற்றவர் தோளில் கைபோடுவார். இரண்டுமே இந்தச் சின்ன நாட்டுக்கு ஆகாது. எட்டு வருடமாக, வந்து அழுதவர்களிடமெல்லாம் இதைப் பொறுமையாக விளக்கியவள் பேமாதான்.

"சார், அவனுக்கு ஏற்கெனவே நெஞ்சுல சளி. அங்க குளிர் தாங்க மாட்டான்."

"எனக்கு மட்டும் கல்லு மனசா? தெற்குல ஏதாவது ஒண்ணு நடக்கட்டும், அன்னைக்கே அனுப்பிடறேன்."

தெற்கு மாவட்ட அறிக்கைகளைத் தினமும் முதல் ஆளாகப் படித்தாள். பாழாய்ப்போன தெற்கு, அந்த வருடம் பார்த்து அவ்வளவு ஒழுங்காக இருந்தது. தசாய் பண்டிகை வந்தது, போனது.

நாற்பத்தோராம் நாள், எல்லை ஆற்றில் மீன் பிடித்த ஜோகி மாஜி என்ற கிழவரைத் தெற்குக் காவலர்கள் அடித்துக் காலை உடைத்த செய்தி வந்தது. பேமாவுக்குக் கண்ணில் நீர் வழிய அப்படியொரு சந்தோஷம். மாடிப்படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி ஓடினாள். ஒரு கிழவரின் கால் உடைந்ததற்கு.

இரண்டு கடிதங்களும் ஒரே மணிக்குப் போயின. தெற்கு வருத்தம் தெரிவித்தது. வடக்கின் பதில் நான்கே வரி: ஞிமா காய்ச்சலில் இறந்து பன்னிரண்டு நாள் ஆகிறது, புதைத்தாயிற்று.

ரேக்மி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"உடம்பையாவது கேளுங்க சார். நாங்க புதைக்க மாட்டோம். லாமா வந்து ஓதி, எரிக்கணும்."

"கேக்கலாம்மா. கேக்கணும்தான். ஆனா..."

அவர் முடிக்கவில்லை. முடிக்கத் தேவையும் இல்லை.

பேமா தன் இடத்துக்குத் திரும்பினாள். அழுதபடியே அன்றைய தெற்கு அறிக்கைகளை இழுத்துப் போட்டுக்கொண்டு, எங்காவது ஒரு சாவு இருக்கிறதா என்று தேட ஆரம்பித்தாள்.