விற்ற வண்டியின் பம்பர்

முத்திருளனுக்கு வயிறு எரிந்தது. வேறு எவன் வண்டியாவது இப்படிப் பளபளத்தால் போய்த் தொலையட்டும் என்று விட்டிருப்பார். டி. கல்லுப்பட்டி காதுகுத்து மண்டபத்து வாசலில் வந்து நின்றதோ, போன மாசம் வரை அவருடையதாகவே இருந்த வண்டி.

அவரிடம் இருந்தபோது பம்பர், கதவோரப் பட்டை, கண்ணாடிக் கூடு எல்லாம் வெயிலில் வெளுத்துச் சாம்பல் பூத்துக் கிடந்தன. "கெழட்டு வண்டி, தம்பி ஓட்டிப் பழகட்டும்" என்று நாலு பேர் காதில் விழச் சொல்லித்தான் சகலை அருள்பாண்டியின் தலையில் கட்டிவிட்டுப் புதிதாக ஒன்று எடுத்தார். இன்று அந்தப் பிளாஸ்டிக் எல்லாம் கன்னங்கரேலென்று மின்னுகிறது. பக்கத்திலேயே நிற்கும் புது வெள்ளை வண்டியை ஏறிட்டுப் பார்க்க ஒரு நாதி இல்லை.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்வார். எந்த விசேஷத்துக்கும் மூத்த மருமகன் வண்டியில்தான் வரும் மாமியார் இருளாயி, இன்று அருள்பாண்டியோடு வந்து இறங்கினார். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

"என்ன தம்பி, தேங்காண்ணெய் பூசுனியா?"

"இல்லண்ணே. சோப்புப் போட்டுக் கழுவிக் காயவச்சேன். கடையில ஸ்டிக்கர் ஒட்டச் சூடான காத்தடிக்கிற ஹீட் கன் வச்சிருக்கேன்ல, அதுல பதமாச் சூடு காட்டுனேன். உள்ள இருந்த கறுப்பு வெளிய வந்துருச்சு."

முத்திருளன் மாமியார் பக்கம் திரும்பினார். "அத்தே, இதெல்லாம் எண்ணெய் மினுக்கு. மத்தியான வெயில்ல பல்ல இளிக்கும் பாருங்க. இளிச்சா வீட்டுக்கு நம்ம வண்டியில வரணும். இளிக்கலேன்னா இதுலயே போங்க."

"சரி மாப்ள, அம்புட்டுத்தான?" என்று சிரித்தார் இருளாயி.

பந்தியில் முத்திருளனுக்குக் கறி இறங்கவில்லை. கை கழுவிய கையோடு தோள் துண்டைக் குழாயில் நனைத்துக்கொண்டு வெயிலுக்கு வந்தார். யாரும் இல்லை. குனிந்து பம்பரை ஒரு தேய்ப்புத் தேய்த்தார். துண்டில் வந்தது ரோட்டுப் புழுதி. கறுப்பு வரவில்லை. கதவுப் பட்டையைத் தேய்த்தார், கண்ணாடிக் கூட்டைத் தேய்த்தார். சட்டை முதுகோடு ஒட்டியது. புழுதி போகப் போக வண்டி முன்னைவிட மினுங்கியதுதான் மிச்சம். அழுகை வரும்போல இருந்தது அவருக்கு.

"அண்ணே, நீங்க போயி இதையெல்லாம் தொடச்சுக்கிட்டு! விடுங்கண்ணே." அருள்பாண்டி ஓடி வந்து துண்டைப் பிடித்தான். மூத்தவர் தன்மேல் வைத்த பாசம் என்றே அவன் எடுத்துக்கொண்டான். "வித்தாலும் இது மேல உள்ள பிரியம் போகல உங்களுக்கு."

பின்னால் மாமியாரும் முத்திருளனின் மனைவி பாண்டீஸ்வரியும் நின்றார்கள். பாண்டீஸ்வரிக்கு அவரைத் தெரியும். புழுதி அப்பிய துண்டையும் பம்பரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நம்மகிட்ட இருந்தப்ப ஒரு நாளாச்சும் இதுல ஒரு வாளித் தண்ணி ஊத்தியிருப்பீகளா?"

பந்தயப்படி இருளாயி பழைய வண்டியில் ஏறினார். அம்மாவோடு பேசிக்கொண்டு போகலாமென்று பாண்டீஸ்வரியும் அதிலேயே ஏறிக்கொண்டாள்.

மதுரையில் இருக்கும் வீடு வரைக்கும் முத்திருளன் புது வண்டியில் தனியாக வந்தார். முந்திப் போக ரோட்டில் இடம் இருந்தும் தான் துடைத்த பம்பரைப் பார்த்தபடியே பின்னால் வந்தார்.