சார்ஜன்ட் ஷுக்ரியின் பேனாவில் மை தீர்ந்தது

1

இந்தக் கதையைத் தேடி நான் போகவில்லை. 1978இல் ஒரு சனிக்கிழமை, பதுளை பஸாரில் இத்ரூஸ் முதலாளியின் கடைக்குச் சவர்க்காரம் வாங்கப் போனேன். கதை அங்கே நின்றுகொண்டிருந்தது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘மலையைப் பனி மூடியிருந்தது, இராயப்பனின் மனத்தையும்…’

(வேண்டாம். அன்று நல்ல வெயில்.)

சரி, நேராகச் சொல்கிறேன். ஹாலிஎல பக்கத்துத் தோட்டத்து இராயப்பனுக்குக் கல்லுடைக்கும் இடத்தின் வெடிமருந்துக் கிடங்கில் காவல் வேலை கிடைக்கவிருந்தது. கடனோ வழக்கோ இல்லை என்ற பொலிஸ் றிப்போர்ட் மட்டும்தான் பாக்கி. கடன்காரன் வெடிமருந்தை விற்றுவிடுவானாம். கோர்ட்டுக்குப் போனவன் சும்மாவே கொடுத்துவிடுவானாம்.

2

விசாரிக்க வந்தவர் சார்ஜன்ட் ஷுக்ரி. மாவு மூட்டைக்குப் பக்கத்தில் இராயப்பன் புதுச் சட்டையோடு நின்றான்.

“இவருக்கு இங்க கடன் ஈக்கிதா?”

“ஈக்காம?” இத்ரூஸ் பெருமையோடு நிமிர்ந்தார். “அஞ்சு வருஷமா ஈக்கிது! நம்பிக்க இல்லாத ஆளுக்கு நான் கடன் குடுப்பனா, சேர்? அந்தச் சட்டையும் கடன்தான்.”

“மொதலாளி, கொஞ்சம் சும்மா இருங்க,” என்றான் இராயப்பன்.

(இத்ரூஸைப் பொய் சொல்லவைக்கப் பார்த்தேன். ஐந்து வேளையும் தொழுகிறவர், இணங்கவில்லை.)

3

“கேஸ்?”

“குத்தம் கட்டினவன். அரிசி கேஸ்.”

[அடிக்குறிப்பு: தட்டுப்பாட்டுக் காலத்தில் அளவுக்கு மேல் அரிசி கொண்டுபோவதே குற்றம். ‘குத்தம்’ என்பது கோர்ட்டில் கட்டும் அபராதம்.]

“என்ட மகள் ஸுபைராட கலியாணத்துக்கு மொனராகலையில இருந்து ரெண்டு பை கொண்டு வந்தவன். ஒன்டு புடிபட்டது. ஆருக்கென்டு கேட்டும் என்ட பேரச் செல்லல்ல. மத்தப் பை அரிசிச் சோத்தத்தான் சேரும் எல்லாரோடயும் ஒரே சஹன் தட்டுல குந்தித் தின்டீங்க. ரெண்டாந்தரமும் கேட்டு வாங்கினீங்களே!”

சார்ஜன்ட் பலமாக இருமினார்.

4

கடன் உண்டு. வழக்கு உண்டு. இரண்டையும் எழுதிவிட்டார். கடைசிக் கேள்வி ஒன்று மிஞ்சியது: நம்பத் தகுந்தவரா?

‘இல்லை’ என்று எழுதவைத்தேன். இராயப்பன் சட்டையைக் கழற்றி மடித்துத் திருப்பிக் கொடுத்தான். அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன். ‘ஆம்’ என்று எழுதவைத்தால், எனக்காகத்தான் எழுதினார் என்பீர்கள்.

உண்மையில் அந்த இடத்தில் பேனாவில் மை தீர்ந்துவிட்டது.

“இந்தாங்க சேர்.” இத்ரூஸ் கண்ணாடி அலுமாரியிலிருந்து புதுப் பேனா ஒன்றை நீட்டினார்.

சார்ஜன்ட் சட்டைப்பையைத் தடவினார். “பர்ஸ் ஸ்டேஷன்ல…”

“பொறகு தாங்க. ஒங்கள நம்பாமலா?”

இராயப்பன் அப்போதுதான் சிரித்தான்.

ஆண்டவர் சாட்சியாக, இதற்குமேல் எனக்கு எழுத வரவில்லை. பேனாவை உங்களிடம் தருகிறேன், வாசகரே. கேள்விக்கு எதிரே இடம் இருக்கிறது. பேனாக் காசை மட்டும் மறக்காமல் இத்ரூஸிடம் கொடுத்துவிடுங்கள், அவசரமில்லை.