சக்கரத்தில் ஒரு சாக்பீஸ் கோடு

ஃபிட்டருக்கு வாய் கொஞ்சம் நீளம். கைவேலை சுத்தம் என்பதால் எல்லோரும் பொறுத்துக்கொண்டார்கள்.

பழைய இரும்புக் கடையில் உடைந்த டிரெட்மில் இரண்டைக் கண்டதும் மனுஷன் விடவில்லை. மோட்டார்களைக் கழற்றி, ஒன்றைத் தன் வீட்டுச் சாணைக்கும் மற்றதைத் தங்கை உளிப்பிடி கடைகிற லேத்துக்கும் பூட்டினார். இரண்டு இடத்திலும் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்ற வேண்டியிருந்தது. டிசி மோட்டார்தானே, இதென்ன பிரமாதம் என்று வயர் இரண்டையும் இடம் மாற்றிக் கொடுத்தார். சமர்த்தாகச் சுற்றியது.

நாலாம் நாள் தங்கையின் கணவர் போன் செய்தார். அவர் தையல்காரர். மோட்டார் தண்டில் இருக்கும் இரும்புச் சக்கரம் நகர்கிற மாதிரி இருக்கிறதாம். ஃபிட்டர் சிரித்த சிரிப்பு அடுத்த வீட்டுக்குக் கேட்டது.

“ஊசி பிடிக்கிற கைக்கு மோட்டாரைப் பத்தி என்ன மாப்ளே தெரியும்? போய் பட்டனைத் தைங்க.”

ஒரு வாரம் போனது. காலையில் சாணை பிடிக்கக் குனிந்தார். அவருடைய சக்கரமே இரண்டு விரற்கடை வெளியே வந்திருந்தது. அது தண்டில் மரையால் திருகிய சக்கரம். ஒரு பக்கம் சுற்றினால் இறுகும், மறுபக்கம் சுற்றினால் கழன்று வரும். முப்பது வருஷம் மரை வெட்டியவனுக்கு இது தோன்றவில்லையே! அந்தக் கனம் அந்த வேகத்தில் கழன்றால் எதிரே நிற்பவர் தலை தப்பாது. அங்கே எதிரே நிற்பது தங்கை.

போன் அடித்தார். யாரும் எடுக்கவில்லை. லேத்து ஓடினால் எங்கே காதில் விழப்போகிறது? சட்டைகூடப் போடாமல் சைக்கிளை எடுத்தார். நாலு தெரு அன்றைக்கு நாற்பது தெருவாக நீண்டது.

தங்கை வீட்டில் லேத்து நின்றிருந்தது. சக்கரம் மேசைமேல் கிடந்தது. சக்கரத்திலும் தண்டிலும் துணிக்குப் போடுகிற சாக்பீஸால் கோடு இழுத்திருந்தது. கோடு தினமும் எவ்வளவு விலகுகிறது என்று தையல்காரர் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

“எப்போ கழட்டினீங்க?”

“நேத்து சாயங்காலம், மச்சான். கோடு ரொம்ப விலகிடுச்சு. அதுக்கு மேல மனசு கேக்கலை.”

“அதுவரைக்கும் ஏன் ஓட்டினீங்க?”

தையல்காரர் கழுத்திலிருந்த அளவு டேப்பை இழுத்துவிட்டுக்கொண்டார். “நிறுத்தினா முட்டாள்னு திட்டுவீங்களேன்னுதான். ஆனா அவளை அந்தப் பக்கமே விடலை. நானே நின்னு கடைஞ்சேன்.”

ஊசி பிடிக்கிற அந்தக் கையில் மூன்று விரல்களுக்குத் துணிக்கட்டு போட்டிருந்தது. ஃபிட்டருக்கு அவமானம் பிடுங்கித் தின்றது.

தங்கை தண்ணீர் கொண்டுவந்தாள். அண்ணன் கையில் கொடுக்காமல், மேசைமேல் சக்கரத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.