பதினெட்டு மாடித் துண்டுகள்

1

கதை பிறந்த கதையை மறைப்பானேன்? ஒரு கடலோர ஊரில், எதிர்மாடிகளில் காயும் துண்டுகளை ஒருவர் எண்ணிக்கொண்டிருந்தார். அவரை ஓய்வுபெற்ற சர்வேயராக்கிவிட்டேன். விடுமுறைக்கு வருபவர்களுக்கு நாள்வாடகைக்கு விட அவருக்கு ஒரு வீடு வாங்கவேண்டும். எந்த ஊரில் என்பதுதான் கேள்வி. மனைவியோடு ஊர் ஊராகப் போய் இரண்டிரண்டு நாள் தங்குவார். காலையில் ஈரத்துண்டு தொங்கினால் அந்த வீட்டில் ஆள் இருக்கிறது என்று கணக்கு.

2

‘அன்று கடல் அமைதியாக…’

(அடித்துவிட்டேன். மனிதர் கடல் பக்கமே திரும்பவில்லை.)

எட்டு ஊர்கள் தேறவில்லை; மனைவியும் ஒவ்வொன்றிலும் ஒரு குறை சொன்னாள். ஒன்பதாவதில், தெருவில் நின்று எண்ணினால், இருபது மாடிகளில் பதினெட்டில் துண்டு! மூச்சிரைக்க ஓடிவந்தார்.

“கெடச்சிருச்சு! நாலு மணிக்குத் தரகர் பத்திரத்தோட வர்றார்.”

மனைவி காலை நீட்டிக் காப்பி குடித்துக்கொண்டிருந்தாள். முப்பது வருடம் நர்ஸ் வேலை.

“என்ன அவசரம்? இன்னும் ரெண்டு ஊர் பாத்துரலாமே.”

(முதல் பிரதியில் இவளுக்குத் தலையாட்டும் வேலை மட்டும் கொடுத்திருந்தேன். அவள் கேட்கவில்லை.)

3

விருந்தாளிகளுக்கு என்ன பிடிக்கும் என்று விசாரிக்க, சர்வேயர் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினார். திறந்தவர் கையில் அளவு நாடா.

“நீங்களும் வீடு வாங்குற ஐடியாவா?”

அடுத்த வீட்டிலும் அதே கதை. அதற்கடுத்த வீட்டில் ஒரு தம்பதி ஜன்னலை அளந்துகொண்டிருந்தார்கள். ஊருக்கு ஆள் வருகிறதா என்று பார்க்க வந்தவர்களால்தான் ஊரே நிரம்பியிருந்தது. பதினெட்டில் ஒன்று அவருடைய துண்டே.

கேட்டதும் மனைவிக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. பிறகு குரல் இறங்கியது.

“ஒவ்வொரு ஊர்லயும் குறை சொன்னேன்ல, எல்லாம் பொய்தான். வீடு வாங்கிட்டா நாம எங்கயும் போகமாட்டோம். கல்யாணமானதுலேர்ந்து நாம சேர்ந்து போன ஊரே இந்த ஒம்போதுதான்.”

சர்வேயருக்கு வெட்கமாக இருந்தது. ஒன்பது ஊரிலும் அவளோடு ஒருநாள்கூட அவர் நடக்கப் போகவில்லை.

4

முடிவு ஒன்று: கையெழுத்துப் போட்டார். (அதன்பிறகு அவள் முகத்தில் விழிக்க என்னால் முடியவில்லை.)

முடிவு இரண்டு: பத்தாவது ஊருக்கு… (சேமிப்பு எத்தனை ஊர் தாங்கும் என்று சர்வேயரே கேட்கிறார்.)

மணி நான்கு. தரகர் கதவைத் தட்டுகிறார். நீங்கள் போய்த் திறங்கள். என்ன சொல்வதென்று உங்களுக்கே தெரியும். எனக்கு வேலை இருக்கிறது. எதிர்மாடியில் அவள் வந்து துண்டை எடுத்துவிட்டாள். துண்டு எண்ணிய அந்த ஒருவர் நான்தான்; இனி முதலிலிருந்து எண்ணவேண்டும். எதிர்வரிசையில் ஒரு வீட்டை எனக்கும் ஒரு தரகர் காட்டியிருக்கிறார்.